சுட்டுவிரல்: யூசர்நேம் தேடலின் சின்ன வரலாறு

ஷெர்லொக் என்றொரு கருவி இருக்கிறது. பட்டன், மெனு, கலர்ப் படம் ஒன்றும் கிடையாது. கறுப்புத் திரையில் அதன் பெயரை எழுதி, பக்கத்தில் யாராவது ஒருவருடைய யூசர்நேமைப் போட்டு என்டர் தட்டினால் சரி. அந்தப் பெயரில் எந்தெந்தத் தளங்களில் கணக்கு இருக்கிறது என்று ஒவ்வொரு வரியாக வந்து விழும். இன்ஸ்டகிராம், ரெடிட், கிட்ஹப் மட்டுமில்லை. செஸ் விளையாடும் தளம், கதை எழுதும் தளம், படம் வரைகிற ஆக்களுடைய தளம், எப்போதோ ஒருக்கா எட்டிப்பார்த்து மறந்துபோன கேம் தளம் என்று நானூறு வரையான இடங்களில் தட்டிப் பார்க்கிறது. காசு கட்டத் தேவையில்லை. யாரிடமும் அனுமதி கேட்கவும் தேவையில்லை.

முதல் தரம் இதைப் பார்க்கிற ஆக்கள் இரண்டு விதமாகத்தான் சொல்லுவினம். "அட, சூப்பர்" என்பது ஒன்று. "ஐயோ, ஆரும் என்ர பேரைப் போட்டுப் பார்த்தால்?" என்பது மற்றது. இரண்டுமே நியாயம்தான். ஆனால் "இந்த ஆள் எங்கே?" என்று கணினியிடம் கேட்கிற பழக்கம் இந்தக் கருவியோடு வந்ததில்லை. அதற்கு ஐம்பது வருசத்துக்கு மேல் வயசு. மாறியது ஒன்றுதான்: அந்தக் கேள்விக்கு முன்பு யார் பதில் சொன்னார்கள், இப்போது யார் சொல்கிறார்கள் என்பது.

கதை கலிபோர்னியாவில், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் தொடங்குகிறது. 1970களின் தொடக்கம். அப்போது ஆளுக்கொரு கணினி கிடையாது. ஒரு பெரிய கணினி, அதிலிருந்து பல முனையங்கள், அவற்றுக்கு முன்னால் பலர். ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாளக் குறி. பெரும்பாலும் பெயரின் முதலெழுத்துகள்தான்; ஆய்வுகூடத்தை நிறுவிய ஜோன் மக்கார்த்திக்கு 'ஜேஎம்சி', டொனால்ட் க்னூத்துக்கு 'டிஈகே'. யார் யார் இப்போது உள்ளே இருக்கிறார்கள் என்று பார்க்க 'ஹூ' என்றொரு கட்டளை இருந்தது. அது குறிகளையும் முனையத்தின் இலக்கங்களையும் மட்டும் வரிசையாகக் காட்டும். முழுப்பெயரும் இல்லை, ஆள் எந்த அறையில் என்பதும் இல்லை.

அந்த ஆய்வுகூடத்தில் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர் லெஸ் ஏர்னஸ்ட். ஆக்கள் அந்தப் பட்டியலுக்கு மேலே விரலை வைத்து, "இது இன்னார், இது இன்னார், இவரைக் கனநாளாய்க் காணேல்லையே" என்று ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கிக்கொண்டிருப்பதை அவர் கவனித்தார். அந்த விரலின் வேலையை ஒரு நிரலுக்குக் கொடுத்தார். அதற்குப் பெயரும் விரல்தான்: 'ஃபிங்கர்'. குறியைக் கொடுத்தால் முழுப்பெயர், எந்த முனையத்தில் இருக்கிறார், கடைசியாக எப்போது கணினியைத் தொட்டார் என்று சொல்லும். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ஒருவரைக் காட்டிக்கொடுப்பது என்றும் ஒரு அர்த்தம் இருக்கிறது. எங்கட தலையாட்டிக்கு விரல் தேவைப்படவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கொஞ்ச நாளில் பாவனையாளர்கள் இன்னொன்று கேட்டார்கள். "நான் இல்லாத நேரத்தில் ஃபிங்கர் போடுகிறவருக்கு ஏன் இல்லை, எப்போது வருவேன் என்று சொல்ல ஒரு இடம் வேண்டும்." அப்படி வந்ததுதான் 'பிளான்' கோப்பு. அதில் எதை எழுதுகிறோமோ அது தேடுகிறவருக்குத் தெரியும். விடுமுறைத் திகதி போடலாம், பகிடி எழுதலாம், வெறுமையாகவும் விடலாம். பிற்காலத்தில் டூம், க்வேக் கேம்களை எழுதிய ஜோன் கார்மாக் தன்னுடைய பிளான் கோப்பில் அன்றன்றைய வேலைகளை எழுதிவைக்க, உலகம் முழுக்க விசிறிகள் அதை வாசித்தார்கள். வலைப்பதிவு என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலத்தில் அது ஒரு வலைப்பதிவு மாதிரி.

1977 டிசம்பரில் கென் ஹாரென்ஸ்ரீன் எழுதிய ஆர்.எஃப்.சி. 742 என்ற ஆவணம் ஃபிங்கரை ஆர்ப்பாநெட் முழுக்கப் பொதுவான விதிமுறை ஆக்கியது. இணையத்தின் தாய் வலையமைப்புத்தான் ஆர்ப்பாநெட். 79 ஆம் இலக்கப் போர்ட் இதற்கென்று ஒதுக்கப்பட்டது. இனி ஒரு கணினியில் இருந்தபடி, தூரத்திலுள்ள இன்னொரு கணினியிடம் அதன் பாவனையாளரைப் பற்றி விசாரிக்கலாம்.

அங்கேதான் சண்டை வந்தது. 1979 இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஐவர் டர்ஹம் என்பவர் தங்களுடைய ஃபிங்கரில் ஒரு மாற்றம் செய்தார். பாவனையாளர் தானாக விரும்பிச் சொன்னால் ஒழிய, வெளியிலிருந்து கேட்பவர்களுக்கு அவர் கடைசியாக எப்போது வந்தார் போன்ற விபரங்கள் போகாது. இன்றைக்கு இதை வாசிக்கிற எங்களுக்கு இதிலென்ன பிழை என்று தோன்றும். வாட்ஸ்அப்பில் 'லாஸ்ட் சீன்' மறைக்கிற அதே விசயம்தானே. ஆனால் மனுசனுக்கு விழுந்த திட்டு கொஞ்சநஞ்சமில்லை. முதுகெலும்பு இல்லாதவர் என்பது வரைக்கும் போனார்கள். வலையமைப்பின் திறந்த தன்மையைக் கெடுக்கிறார் என்பதுதான் குற்றச்சாட்டு. ஒருவரையொருவர் தெரிந்த சிறிய உலகம் அது. கதவு பூட்டுகிறவன்தான் அங்கே சந்தேகத்துக்குரியவன்.

நான் இந்தச் சண்டையில் டர்ஹம் பக்கம். ஆனால் எந்தப் பக்கம் என்பதைவிட, சண்டை பிடிக்கவே முடிந்தது என்பதைக் கவனியுங்கள். ஃபிங்கர் ஒருவரைப் பற்றி, அவருடைய கணக்கு இருக்கிற கணினியிடமே போய்க் கேட்டது. அந்தக் கணினிக்கு ஒரு பொறுப்பாளர் இருந்தார். எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்று ஒரு ஆள் முடிவெடுத்தார், அவரோடு வாக்குவாதப்பட ஒரு இடமும் இருந்தது.

ஃபிங்கரின் நல்ல காலம் 1988 நவம்பர் 2 ஆம் திகதியோடு முடியத் தொடங்கியது. கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் ரொபேர்ட் மொரிஸ் அன்றைக்கு அவிழ்த்துவிட்ட புழு, ஃபிங்கருக்குப் பதில் சொல்லும் நிரலிலிருந்த ஓட்டையையும் ஒரு வழியாகப் பாவித்தது. வருகிற எழுத்துகளின் நீளத்தை அளக்காமல் 512 பைட் இடத்துக்குள் திணிக்கிற ஓட்டை. ஆயிரக்கணக்கான கணினிகள் படுத்தன. அதற்குப் பிறகு நிர்வாகிகள் மெல்ல மெல்ல 79 ஐ மூடினார்கள். தனியுரிமை வாதத்தால் சாதிக்க முடியாததைப் பாதுகாப்புப் பயம் சாதித்தது.

1990களில் வீட்டுக்கு வீடு இணையம் போனபோது பெயர் வேறொரு வேலை பார்க்கத் தொடங்கியது. ஆய்வுகூடத்தில் யூசர்நேம் என்பது உங்களைத் தெரிந்தவர்கள் உங்களைக் கூப்பிடுகிற சுருக்கம். அமெரிக்கா ஒன்லைனில் அது உங்களைத் தெரியாதவர்களுக்கு முன்னால் போட்டுக்கொள்கிற முகம். ஒரு கணக்குக்குள்ளேயே ஐந்து திரைப்பெயர் வைத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. ஒரே ஆளுக்கே வேலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று.

அந்த இரண்டு முகங்கள் தற்செயலாக மோதிக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1997 இல் ஒரு வழக்கு. அமெரிக்கக் கடற்படையில் 17 வருசம் சேவை செய்த ஒரு மாலுமி. நத்தாருக்கு நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகளின் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள் சேர்க்கிற ஏற்பாடு. அது சம்பந்தமாக, அதை ஒழுங்குசெய்த தொண்டருக்கு அவர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அடியில் முதற்பெயர் மட்டும். ஆனால் மின்னஞ்சல் போனது அவருடைய தனிப்பட்ட திரைப்பெயரிலிருந்து. அந்தத் தொண்டர் அமெரிக்கா ஒன்லைனின் உறுப்பினர் விபரத் திரட்டில் அந்தத் திரைப்பெயரைத் தேடிப் பார்த்தார். ஊர் ஹொனலுலு. தொழில் இராணுவம். திருமண நிலை என்ற இடத்தில் 'கே' என்று எழுதியிருந்தது.

அந்தக் காலத்தில் அமெரிக்கப் படையில் இருந்த கொள்கை, நாங்கள் கேட்கமாட்டோம், நீங்களும் சொல்லவேண்டாம் என்பது. கப்பலின் சட்டப் பிரிவிலிருந்து ஒருவர் அமெரிக்கா ஒன்லைனுக்குத் தொலைபேசி எடுத்தார். தான் கடற்படை என்று சொல்லவில்லை; நீதிமன்ற உத்தரவும் கையில் இல்லை. மறுமுனையில் இருந்தவர் அந்தத் திரைப்பெயர் இன்னாருடையதுதான் என்று உறுதிப்படுத்திவிட்டார். விலக்குவதற்கு நடவடிக்கை தொடங்கியது. 1998 ஜனவரியில் வாஷிங்டன் நீதிபதி ஸ்டான்லி ஸ்போர்க்கின் அதைத் தடுத்தார். கேட்கமாட்டோம் என்ற தன்னுடைய சொல்லைக் கடற்படையே மீறியிருக்கிறது, மின்னணுத் தொடர்பாடல் தனியுரிமைச் சட்டத்தையும் அநேகமாக மீறியிருக்கிறது என்பது அவர் கண்டது.

பிள்ளைகளுக்குப் பொம்மை கொடுக்கப்போன ஒருவருடைய 17 வருச வேலை, ஒரே பெயரை இரண்டு இடத்தில் பாவித்ததால் அந்தரத்தில் தொங்கியது. அவரைக் காப்பாற்றியது, நடுவில் ஒரு நிறுவனம் இருந்ததுதான். அது பதில் சொன்னது பிழை என்று ஒரு நீதிபதியால் சொல்ல முடிந்தது.

இரண்டு பெயர் வைத்திருப்பது ஏதோ இணையம் கொண்டுவந்த கள்ளத்தனம் என்று நினைக்கிற பெரியாக்களுக்கு எங்கட இலக்கியத்திலிருந்தே ஒரு விசயம் சொல்லலாம். ஈழத்துச் சிறுகதையின் முன்னோடிகளில் ஒருவரான இலங்கையர்கோனின் சொந்தப் பெயர் சிவஞானசுந்தரம். மருத்துவப் பேராசிரியராக இருந்து நாவல்கள் எழுதிய நந்தியின் பெயரும் சிவஞானசுந்தரம். 'சிரித்திரன்' நடத்திய சுந்தரும் சிவஞானசுந்தரமேதான். முதலெழுத்து மட்டும் வேறு. பதிவேட்டுப் பெயரை வைத்துத் தேடினால் மூன்று பேரும் ஒரு ஆளாகிவிடுவார்கள். புனைபெயர்தான் அவர்களைப் பிரித்துக் காட்டியது. புனைபெயர் ஒளிக்க மட்டும் வந்ததில்லை. ஒளிக்க வந்த இடங்களும் எங்களுக்குத் தெரியும். சொந்தப் பெயரில் எழுத முடியாத வருசங்கள் இந்த நாட்டில் கொஞ்சமில்லை. ஆனால் அந்தப் பெயர்கள் ஒரு பத்திரிகையோடு நின்றன. ஆசிரியருக்குத் தெரியும், ஆசிரியர் வாயைத் திறக்காவிட்டால் சரி.

2000களின் நடுவில் இதெல்லாம் தலைகீழானது. பேஸ்புக், யூடியூப், ட்விட்டர் என்று தளங்கள் பெருக, உங்கள் பெயர் உங்கள் முகவரியாகவே ஆகிவிட்டது. தளத்தின் பெயர், ஒரு சாய்கோடு, பிறகு நீங்கள். எல்லா இடத்திலும் ஒரே பெயரைப் பிடித்துவைப்பது கெட்டித்தனம் என்று சொல்லித்தந்தார்கள். உங்கள் பெயர் எந்தெந்தத் தளத்தில் இன்னும் மிச்சமிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிற சேவைகளும் வந்தன. கடை திறக்கிறவர் பெயர்ப்பலகை தேடுகிற மாதிரியான அப்பாவித் தேவை. மிச்சம் இல்லாத இடத்தில் ஆள் இருக்கிறார் என்பது அந்தத் தேவையின் மறுபக்கம்.

2011 இல் பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டானியேலே பெரிட்டோவும் கூட்டாளிகளும் இதை அளந்து பார்த்தார்கள். பத்து மில்லியனுக்கு மேற்பட்ட யூசர்நேம்களைச் சேர்த்து, ஒவ்வொன்றும் எவ்வளவு அபூர்வம் என்று கணக்கிட்டார்கள். ஒரு பெயர் எவ்வளவு விசித்திரமாக இருக்கிறதோ, இரண்டு தளங்களில் அது ஒரே ஆளுடையதாக இருப்பதற்கான வாய்ப்பும் அவ்வளவு கூட. கூகுளில் ஒன்று, ஈபேயில் ஒன்று என்று சிதறிக் கிடக்கிற கணக்குகளில் கணிசமானவற்றைப் பெயரை மட்டும் வைத்தே முடிச்சுப்போடலாம் என்பது அவர்களுடைய முடிவு. தனித்துவமாய் இருக்கட்டும் என்று ரூம் போட்டு யோசித்து வைத்த பெயர்தான் முதலில் மாட்டும்.

அதே 2011 இல் இன்னொருவர் இந்தப் பாடத்தைத் தன்னுடைய செலவில் எழுதிக்கொண்டிருந்தார். ஜனவரியில், காளான் பிரியர்களின் ஒரு தளத்திலும் பிட்கொயின் பற்றிக் கதைக்கிற ஒரு தளத்திலும் 'அல்ரொயிட்' என்ற பெயரில் ஒருவர், சில்க் ரோட் என்றொரு இரகசியச் சந்தையைத் தற்செயலாகக் கண்டதுபோல எழுதினார். ஒக்டோபரில் அதே பெயரில் கணினி ஆள் தேவை என்று ஒரு விளம்பரம். தொடர்புக்கு ஒரு ஜிமெயில் முகவரி; அதில் முழுப்பெயர் அப்படியே இருந்தது: ரொஸ் உல்பிரிக்ட். 2013 இல் வரித் திணைக்கள அதிகாரி கேரி அல்ஃபோர்ட் அதைக் கண்டுபிடித்தது பெரிய தொழில்நுட்பத்தால் இல்லை. கூகுளில் பழைய திகதிகளுக்குள் தேடினார், அவ்வளவுதான். ஒக்டோபர் 1 ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பொது நூலகத்தில் உல்பிரிக்ட் கைதானார். ஆயுள் தண்டனை கிடைத்து, 2025 ஜனவரியில் ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்தார்.

ஆக, பொம்மை கொடுத்த மாலுமியையும் போதைச் சந்தை நடத்தியவரையும் ஒரே முறைதான் பிடித்தது. அந்த முறையில் அதுவரைக்கும் ஒரு மனுசர் இருந்து நேரம் செலவழித்துத் தேடவேண்டியிருந்தது. 2018 டிசம்பரில் சித்தார்த் துஷாந்தா என்பவர் கிட்ஹப்பில் போட்ட பைதன் நிரல் அந்த மனுசரை எடுத்துவிட்டது. அதுதான் ஷெர்லொக்.

அது வேலை செய்கிற விதம் ஆச்சரியப்படுகிற அளவுக்கு எளிமை. தளங்களின் பட்டியல் ஒரு ஜேசன் கோப்பில் இருக்கிறது. ஒவ்வொரு தளத்துக்கும் முகவரியின் அச்சு ஒன்று, பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை. கருவி ஓட்டையில் உங்கள் பெயரைப் போட்டுப் பக்கத்தைக் கேட்கும், பல தளங்களில் ஒரே நேரத்தில். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அது வாசிப்பதில்லை. 'இல்லை' என்று சொல்லுதா என்று மட்டும் பார்க்கும். ஒரு தளம் 404 என்ற இலக்கத்தால் இல்லை என்கிறது. இன்னொன்று 'அப்படி ஒருவர் இல்லை' என்று வசனம் எழுதுகிறது. வேறொன்று முகப்புப் பக்கத்துக்கே திருப்பி அனுப்புகிறது. எந்தத் தளம் எப்படி இல்லை என்கும் என்பதுதான் அந்தக் கோப்பின் சாரம். இல்லை என்று வராவிட்டால், இருக்கிறார்.

ஃபிங்கரோடு இதை வைத்துப் பாருங்கோ. அது கேள்வி கேட்டது, ஒரு கணினி தன் ஆளின் சார்பில் பதில் சொன்னது. ஷெர்லொக் யாரிடமும் உங்களைப் பற்றிக் கேட்பதில்லை. பூட்டிய கதவுகளைத் தட்டிக்கொண்டு போய், 'ஆள் இல்லை' என்ற குரல் வராத வீடுகளை எழுதிக்கொள்கிறது. இங்கே டர்ஹம் மாதிரி ஒருவர் எதை மாற்றலாம்? பிளான் கோப்பு எங்கே? உங்கள் கணக்கை நீங்கள் 'பிரைவேட்' ஆக்கினாலும், அந்தப் பெயரில் ஒரு பக்கம் இருக்கிறது என்ற செய்தி மட்டும் வெளியே போகிறது. ஒரு தளத்தில் அது பெரிய விசயமில்லை. ஒரு டேட்டிங் தளம், ஒரு மனநல உதவிக் குழு, ஒரு அரசியல் பக்கம், பதின்மூன்று வயசில் கவிதை போட்ட இடம் எல்லாம் ஒரே பட்டியலில் வரும்போது அது ஒரு ஆளுடைய வாழ்க்கை. எங்கட ஊரில் ஒரு பெட்டைக்கோ பெடியனுக்கோ அந்தப் பட்டியல் ஆருடைய கையில் போகுது என்பது சின்னக் கதை இல்லை.

பெயருக்கு வந்த துப்பறிவாளரைப் பற்றியும் ஒன்று. கொனன் டொயில் 1891 இல் எழுதிய 'கோணல் உதடு மனிதன்' கதையில், காணாமற்போன ஒரு கனவானை ஹோம்ஸ் தேடுகிறார், அவரைக் கொன்றதாகச் சந்தேகப்பட்ட ஒரு பிச்சைக்காரன் பொலிஸ் காவலில் இருக்கிறான். கடைசியில் சிறைக் கூண்டுக்குள் போய் ஈரப் பஞ்சால் பிச்சைக்காரனின் முகத்தைத் துடைக்க, இரண்டும் ஒரே ஆள். குற்றம் ஒன்றுமே இல்லை. பிச்சையில் வருமானம் கூட, பிள்ளைகளுக்குத் தெரிந்தால் வெட்கம். இனி அந்த வேசம் போடமாட்டேன் என்ற உறுதியோடு பொலிஸ் விசயத்தை அப்படியே அமுக்கிவிடுகிறது. கருவிக்கு அந்தக் கடைசிப் பகுதி தெரியாது. முகத்தைத் துடைக்க மட்டும்தான் தெரியும்.

சரியான முகத்தைத்தான் துடைக்கிறதா என்பதும் கேள்விதான். பெயர் ஒன்று என்றால் ஆள் ஒன்று என்று அது சொல்வதில்லை. பாவிக்கிறவர்தான் அப்படி வாசிக்கிறார். இதில் எங்களுக்கு ஒரு தனித் தலையிடி. இன்ஸ்டகிராமிலோ எக்ஸிலோ தமிழ் எழுத்தில் யூசர்நேம் வைக்க முடியாது. தர்சன் என்ற ஒரு பெயருக்கு ஆங்கில எழுத்தில் நாலைந்து வடிவம்; அவற்றில் ஒவ்வொன்றிலும் ஊருக்குப் பத்துப் பேர். பெயரின் நடுவில் புள்ளி, கீழ்க்கோடு, சிறுகோடு என்று மாற்றி மாற்றித் தேடவும் ஷெர்லொக்கில் வசதி இருக்கிறது. வலை எவ்வளவு அகலமோ, அவ்வளவுக்கு வேறு ஆக்களும் சிக்குவார்கள். 'இந்தா பார், உன்ர தங்கச்சி இந்த இடத்திலயும் இருக்கிறா' என்று ஒரு ஸ்கிரீன்ஷொட் சுத்தத் தொடங்கினால், அது வேறு ஆரோ என்று நிரூபிக்கவேண்டிய பொறுப்பு அந்தப் பிள்ளையின் தலையில்.

2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபோது, புனைபெயர்க் கணக்குகளுக்குப் பின்னால் இருக்கிற ஆக்களை அரசு தோண்டும் என்ற பயத்தைப் பற்றி நிறையக் கதைத்தோம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ஒரு ஆணைக்குழு கேட்டால் அதற்கு ஒரு கடிதம் இருக்கும், எதிர்த்து நீதிமன்றம் போகலாம். பக்கத்து வீட்டுப் பெடியன் மடிக்கணினியில் ஒரு வரி தட்டினால் அதற்கு ஒரு கடிதமும் இல்லை.

கருவியைத் தடைசெய்யவேண்டும் என்று நான் சொல்லவில்லை. மோசடிக்காரரைத் தேடுகிற செய்தியாளருக்கு அது உதவும். எங்கட பழைய கணக்குகளை நாங்களே கண்டுபிடித்து அழிக்க இதைவிட நல்ல வழி இல்லை. இன்றைக்கே செய்து பாருங்கோ. தடைசெய்தாலும் பிரயோசனமில்லை: 2020 இல் இதிலிருந்தே பிரிந்து மைக்ரே என்ற இன்னொரு கருவி வந்துவிட்டது. அதுவும் ஒரு துப்பறிவாளரின் பெயர்தான், ஜோர்ஜ் சிமெனோனின் இன்ஸ்பெக்டர்.

ஃபிங்கரும் முழுதாகச் சாகவில்லை. 2013 இல் ஆர்.எஃப்.சி. 7033 ஆக 'வெப்ஃபிங்கர்' வந்தது. மஸ்டொடொனில் ஒருவரைத் தேடும்போது பின்னால் ஓடுவது அதுதான். பெயர், பிறகு அந்தப் பெயர் குடியிருக்கிற சேர்வர். கேள்வி மறுபடியும் ஒரு வீட்டுக்காரரிடம் போகிறது.

ஷெர்லொக்கின் கிட்ஹப் பக்கத்தில், பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட தளங்களுக்கென்று தனியாக ஒரு கோப்பு வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு. மூடுவிழா கண்ட தளங்கள் சில. உள்ளே நுழைந்தால்தான் எதையும் காட்டும் தளங்கள் சில. மற்றவை, இருக்கிற பெயருக்கும் இல்லாத பெயருக்கும் ஒரே பதிலைச் சொல்கிற தளங்கள். இருக்கிற ஆளையும் இல்லாத ஆளையும் பிரித்தறிய முடியாததால், அவை அங்கே வேலைக்கு உதவாதவை என்று எழுதப்பட்டிருக்கின்றன.